பெட்டி பார்க்கும் படலம்

"முனகல் கேட்டப்பவே கொண்டுவந்திருக்கணும் சார்" என்றார், கையுறையைக் கழற்றாமலே வெளியே வந்தவர். உள்ளே இன்னும் உயிர் ஓடிக்கொண்டிருப்பதாகவும், பிழைக்குமா என்பதைச் சாயங்காலம்தான் சொல்ல முடியும் என்றும் சொன்னார். பெஞ்சில் இருந்த மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

ஆஸ்பத்திரி என்று நினைத்து யாரும் பதற வேண்டாம். பழுதான ஹார்டு டிஸ்க்கிலிருந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தரும் கடை அது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் படுத்திருந்தது, அவர்கள் வீட்டு லேப்டாப்பின் வயிற்றிலிருந்து எடுத்த டிஸ்க். மகள் பிறந்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் சேர்ந்த நாள் வரைக்குமான அத்தனை படங்களும் அதில்தான் இருந்தன. வேறு எங்கும் ஒரு பிரதிகூடக் கிடையாது.

ஆறு மாதத்துக்கு முன்பே லேப்டாப் கடக் கடக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. "ஏங்க, சின்னதா ஒரு டிஸ்க் வாங்கி எல்லாத்தையும் காப்பி பண்ணி வெச்சிடலாமே" என்று மனைவி அப்போதே கேட்டாள்.

அவர் சிரித்தார். பெயிண்ட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி அவர். ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் பதினேழு வித்தியாசம் சொல்லக்கூடியவர். சும்மா காப்பி பண்ணி வைப்பது விவரம் தெரியாதவர்கள் செய்கிற வேலை என்று விளக்கினார். வீட்டு வைஃபையோடு இணைத்துவிட்டால் எல்லாருடைய படங்களையும் தானே இழுத்துப் பத்திரப்படுத்துகிற பெட்டி ஒன்று இருக்கிறதாம். ஒரு டிஸ்க் போனாலும் இன்னொன்று காப்பாற்றுமாம்.

அன்றைக்கு ஆரம்பித்தது பெட்டி பார்க்கும் படலம். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்று அதிகம் சத்தம் போட்டது, ஒன்று சீக்கிரம் சூடானது. இன்னொன்று லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் தம்பி அடுத்த மாதம் சந்தைக்கு வருவதாகக் கேள்விப்பட்டதால் அதையும் ஒதுக்கினார். இரண்டு டிஸ்க் போடுகிற பெட்டியா, நான்கு போடுகிற பெட்டியா என்ற கேள்வியிலேயே இரண்டு மாதம் ஓடியது. மனைவி கேட்கும்போதெல்லாம் இறுதிக் கட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்.

இவ்வளவு ஞானத்தைத் தனியாக வைத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை. 'தகவல் காவலன்' என்ற பெயரில் இணையத்தில் வாராவாரம் ஒரு தொடர் எழுதினார். தலைப்பு, 'சேமிப்புப் பெட்டி: அவசரப்படாதீர்கள்'. இதை வாங்கலாமா ஐயா, அதை வாங்கலாமா ஐயா என்று கேட்டவர்களையெல்லாம் பொறுமையாக இருக்கச் சொன்னார். அவர்களும் பொறுமையாக இருந்தார்கள். பதினோரு பகுதி வந்துவிட்டது. பெட்டிதான் வரவில்லை.

பன்னிரண்டாம் பகுதியை எழுத உட்கார்ந்தபோது லேப்டாப்பின் திரை கறுப்பாகவே இருந்தது. தொடர் அங்கேயே நின்றது. எந்தக் கடையில் கொடுத்து மீட்பது என்று பதினாறு கடைகளை ஒப்பிட்டுப் பார்த்ததில் மேலும் மூன்று வாரம் போனது.

கடைக்காரர் சத்தம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். கணவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி ஆறு மாதம் என்று சொல்லிவிட்டாள்.

"எந்தப் பெட்டி வாங்கலாம்னு பாத்துட்டே இருந்திருப்பீங்க" என்றார் கடைக்காரர், குறித்துக்கொண்டே. "ரெண்டு டிஸ்க்கா, நாலு டிஸ்க்கான்னு."

கணவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இங்க வர்றவங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான் சார்."

மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் கடைக்காரர் சிரித்த முகத்தோடு வந்து திரையைத் திருப்பிக் காட்டினார். மூன்று படங்களில் மட்டும் கீழ்ப்பாதி போய்விட்டது, மற்றவையெல்லாம் தப்பித்துவிட்டன என்றார். வாளிக்குள் உட்கார்ந்து பல்லில்லாமல் சிரிக்கும் மகளை மனைவி விரலால் தொட்டுப் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு டிஸ்க் வாங்கி வந்து நீட்டினாள். எல்லாவற்றையும் காப்பி பண்ண இருபது நிமிடம் ஆனது.

ரசீதை யார் பெயரில் எழுதட்டும் என்று கேட்டார் கடைக்காரர். உயிர் திரும்பியதில் மனைவிக்குக் குறும்பும் திரும்பியிருந்தது.

"தகவல் காவலன்னு எழுதுங்க. இணையத்துல ஐயா பேர் அதுதான்."

கணவர் தரையைப் பார்த்தார். பேனா நின்றது. கடைக்காரர் எழுந்து, கையுறையை உருவி எறிந்துவிட்டு, அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். உள்ளே வேலையில் இருந்த இருவரையும் கூப்பிட்டு, யார் வந்திருக்கிறார் பாருங்கள் என்றார். இருவரும் வந்து மரியாதையாக நின்றார்கள். பதினோரு பகுதியையும் ஒன்று விடாமல் படித்திருக்கிறார்களாம்.

மூன்று வாரமாகக் குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. வீட்டுக்குத் தெரியாத அருமை ஊருக்குத் தெரிகிறது பார் என்பதுபோல மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். ஏதோ தன்னால் முடிந்த சேவை என்று அடக்கமாகச் சொன்னார்.

கடைக்காரர் பிடித்த கையை விடாமலே கேட்டார்.

"அடுத்த பகுதி எப்ப சார் வரும்? மூணு வாரமா கடைக்கு ஆளே வரல."