ஒரு கைக்கான நூல்

ஊட்டிச் சந்தையில் பழைய துணி விற்கும் சம்சுதீன் பாய் உடம்பில் கிடந்த பச்சை ஸ்வெட்டரைக் கண்டதும் ஜெசிந்தாவுக்குக் கால் நகரவில்லை. கணவனுக்கு அவள் மூன்று வருடமாகப் பின்னிக்கொண்டிருக்கும் ஸ்வெட்டரில் ஒரு கைக்கு நூல் போதவில்லை. அந்தப் பச்சை இப்போது எந்தக் கடையிலும் வருவதில்லை.

“இது விக்கிறதுக்கில்லக்கா.”

“ஸ்வெட்டர் வேணாம் பாய். ஒரு கைக்கு நூல் போதும்.”

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னியது, கீழ் நுனியை இழுத்தால் அவிழும் என்று அவள் தடவியே கண்டுகொண்டாள். இடுப்புக்குக் கீழே தொங்குவது தனக்கும் தண்டம்தான் என்று பாய் அடிமாட்டு விலைக்குச் சம்மதித்தார். அவர் “எதை எடுத்தாலும் இருபது!” என்று கூவிக்கொண்டு நிற்க, ஜெசிந்தா நூலை உருண்டையாகச் சுற்றியபடியே அவரை வலம் வந்தாள். என்ன வேண்டுதலோ என்று ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கைக்கு நூல் சேர்ந்தது. காலருக்கும் இருக்கட்டுமே என்று அவள் மேலும் சுற்றினாள். கடைசியில் ஸ்வெட்டர் பாயின் மார்புக்கு மேல் ஏறி நின்றது.

தூறல் விழுந்தது. பல் தந்தியடிக்க, பாய் அவளுடைய பையிலிருந்த ஒற்றைக் கை ஸ்வெட்டரை எடுத்து, ஊசி தொங்கத் தொங்க மாட்டிக்கொண்டார். கணவன் தோளில் ஒருநாளும் படியாதது அவருக்கு அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

“ஐயோ பாய், அது விக்கிறதுக்கில்ல!”

“ஸ்வெட்டர் வேணாம்க்கா,” என்றார் பாய். “இந்த ஊர்ல குளிர் விடறவரைக்கும் போதும்.”