உறுதி செய்யாத நேரம்

பிழை மறுபடியும் வந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்வதற்குள் மறைந்தும்விட்டது.

சில வாரங்களாக இதே கண்ணாமூச்சிதான். மருத்துவமனையின் முன்பதிவுத் தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று இதய மருத்துவரிடம் மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்காது. 'டேட்டாபேஸ் பதிலளிக்கவில்லை' என்று வரும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிடும்.

அதற்குள் நெஞ்சுவலிக்காரர்கள் நேரம் கிடைக்காமல் திரும்பிப் போயிருப்பார்கள். சாயங்காலத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் தளத்தையே நிறுத்திவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

பழியை நெட்வொர்க்காரர்கள் தலையில் போட்டோம். அவர்கள் அதைத் திருப்பி எங்கள் தலையிலேயே போட்டார்கள்.

மதியம் மறுபடி வந்தபோது ஒருவழியாக மாட்டியது. யாரோ அந்த மருத்துவரிடம் ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 'உறுதி செய்' பொத்தானை அழுத்துவதில்லை, பக்கத்தை மூடுவதுமில்லை. அதுவரை மருத்துவரின் அட்டவணை முழுவதும் பூட்டிக் கிடக்கிறது. இப்படி எழுதி வைத்த புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

எந்தப் படுபாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நோயாளி எண்ணைப் பார்த்தேன்.

அந்த எண் எனக்கு மனப்பாடம்.

அப்பாவை அழைத்தேன். பக்கத்தைத் திறந்துதான் வைத்திருந்தார்.

"நான் 'உறுதி செய்' அமுக்கவே இல்லம்மா. அந்த நேரம் வேற யாருக்காவது தேவைப்படும்ல? மேல அம்மா பேரு வருது பாரு, அதத்தான் பாத்துட்டிருந்தேன்."

அம்மா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் பதிவை நீக்கச் சொல்ல எங்கள் இருவருக்குமே வாய் வரவில்லை.

பக்கத்தை மூடச் சொன்னேன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் மூடினார்.

திருத்தம் எளிதுதான். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் பூட்டு தானாக விலக வேண்டும், அவ்வளவே. அதற்கு முன் பிழையை நாங்களே ஒருமுறை வரவழைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதற்கென்று தனிச் சர்வர் இருக்கிறது. அதில் எல்லாம் பொய்ப் பெயர்கள். அம்மா இல்லை.

உண்மையான தளத்திலேயே அவள் எண்ணைப் போட்டேன். அவள் எப்போதும் போகும் காலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

திரையின் மேலே அம்மாவின் பெயர் வந்தது. பக்கத்தில் வயது. ஒன்று கூடியிருந்தது.

"என்னக்கா, சரியாயிடுச்சுன்னீங்க? மறுபடி எரர் வருதே!" என்று பக்கத்து மேசையிலிருந்து குரல் வந்தது.

ஒரு நிமிஷம் என்றேன்.