கொக்கி போடாத கதவு

“மாமி, பாத்ரூம் போக மட்டும்தான் எங்க வீட்டுக்கு வருவீங்களா?” என்று ஜுலைகாவின் மகள் ஒருமுறை கேட்டாள். பேருந்து ஓட்டும் அமுதராணிக்குக் குடல் அழற்சி நோய். வயிறு முறுக்கியதும் பேருந்தை நிறுத்திவிட்டு, வழியோரம் இருக்கும் ஜுலைகா வீட்டுக்குத்தான் ஓடுவாள். அவளுக்காகவே ஜுலைகா கொல்லைக் கதவுக்குக் கொக்கி போடுவதில்லை.

போன மாதம் மருத்துவர் அமுதராணியின் குடலில் காவல் நுண்ணுயிர்களைக் குடியேற்றினார். புண் தலைதூக்கும் இடத்திலேயே அவை மருந்து சுரந்தன. இன்று காரைக்காலிலிருந்து நாகூர்வரை வயிற்றுக்காக ஒருமுறைகூட நிற்காத ஓட்டம்!

“என்னக்கா, ஜுலைகா வீட்ட மறந்துட்டியா?” என்று நடத்துநர் சீண்டினான்.

“மறப்பேனாடா! சாமிக்கு அடுத்து அந்த வீடுதான்.”

மாலையில் அங்கே போனாள். வீட்டில் யாருமில்லை, கொல்லைக் கதவுக்கு இன்றும் கொக்கி போடவில்லை. கழிப்பறையைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவி, வாளி நிறையத் தண்ணீர் பிடித்துவைத்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.