நாத்தக்காரி

டெல்ஃபினா செடியை வெட்டிக்கொண்டிருந்தாள். அதுவும் மண்டையைப் பிளக்கிற வெயிலில். ஜூன் கடைசியில் பாலைவன ஊரான டூசானில் அந்த வேளைக்கு நாய்கூட நிழலை விட்டு நகராது.

வேறு வழியில்லை. வடக்கே மலைக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அது வந்து சேருவதற்குள் செடி அங்கே இருக்கக் கூடாது.

பார்க்க லட்சணமான செடியும் இல்லை. ஆளுயரத்துக்கு ஒல்லிக் குச்சிகள், அவற்றில் எண்ணெய் பூசினாற்போல் பொடிப் பொடியாக இலைகள். நர்சரியில் கிரியோசோட் என்று அட்டை தொங்கவிட்டு விற்பார்கள். டெல்ஃபினாவின் அம்மா ஹெர்மினியா அதற்கு வைத்த பெயர் நாத்தக்காரி.

நாத்தக்காரி வருஷம் முழுக்கத் தண்ணீர் கேட்க மாட்டாள். ஆனால் மேலே ஒரு தூறல் பட்டால் போதும், வாசம் தெருவையே தூக்கும். மழை வாசம் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வது அதைத்தான்.

செடி நின்றது ஏர் கூலருக்கு நேர் எதிரே. கூலர் வெளிக்காற்றை இழுத்து ஊதுவது ஹெர்மினியாவின் கட்டிலுக்கு. மகராசி, பார்த்துப் பார்த்துத்தான் அங்கே நட்டிருந்தாள். தெருவில் மற்ற வீட்டுச் செடிகளெல்லாம் தள்ளி நின்றன. கட்டில் வரைக்கும் வாசத்தைக் கொண்டுவருவது இது ஒன்றுதான்.

ஹெர்மினியா படுத்த படுக்கையாகிவிட்டாள். மே மாதம் தாண்டாது என்று டாக்டர் டெல்ஃபினாவைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். மே தாண்டியது. சான் ஹுவான் திருநாளும் வந்தது. அன்றைக்கு மழை தொடங்கும் என்பது ஊர் நம்பிக்கை, இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. அன்று காலையில்தான் ஹெர்மினியா மகளைப் பக்கத்தில் அழைத்தாள்.

"முதல் மழை வாசம் வரட்டும் கண்ணு. நான் போயிடுறேன்."

ஹெர்மினியா சொன்னால் சொன்னதுதான். ஊரில் பாதி வீட்டுப் புல்தரையைக் கொத்தி எறிந்துவிட்டுப் பாலைவனச் செடிகளை நட்டுக் கொடுத்தவள். அவற்றுக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களை, அவர்கள் வாசலிலேயே நிறுத்தி வைத்துத் திட்டுவாள். சாவு விஷயத்தில் மட்டும் வார்த்தை தவறிவிடுவாளா என்ன?

வாசம் வராவிட்டால் அம்மா போக மாட்டாள். டெல்ஃபினாவின் கணக்கு அவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கத்திரியை எடுத்தாள்.

வேலிக்கு மேலே ஒரு தொப்பி தெரிந்தது. பக்கத்து வீட்டு வெண்டல். மினசோட்டாவிலிருந்து வந்து குடியேறிய கிழவர்.

"ஏம்மா, என் வீட்டுச் செடியில நான் ஒரு கிளைய ஒடிச்சதுக்கு உங்கம்மா என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாங்க. நீ இப்படி மொட்டையடிக்கிறியே, அவங்களுக்குத் தெரியுமா?"

"பாம்பு அடையுது வெண்டல்." வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"பாம்பா! அந்தக் குச்சி நிழல் பல்லிக்கே பத்தாதே."

அவரோடு மல்லுக்கட்ட அவளுக்கு நேரமில்லை. கிளைகளை அள்ளிப் பின்சந்தில் கொண்டுபோய்க் கொட்டினாள். வேரையும் தோண்டப் பார்த்தாள். மண் சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. கடப்பாரை எகிறியதுதான் மிச்சம்.

மலைப்பக்கம் இடி உருண்டது. போதும் என்று உள்ளே ஓடினாள்.

அம்மா கண் மூடிக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. ஐயோ, வெட்டுகிற மும்முரத்தில் வாயை நனைக்க மறந்துவிட்டோமே என்று டெல்ஃபினாவுக்குப் பதறியது. குச்சியில் சுற்றிய பஞ்சைத் தம்ளரில் முக்கி உதட்டில் ஒற்றினாள். தண்ணீர் அவள் விரல்களில் வழிந்தது.

ஹெர்மினியாவின் மூக்கு விடைத்தது. கண் திறந்தது.

"மழையாடி?"

டெல்ஃபினாவின் கை அப்படியே நின்றது. விரலெல்லாம் இலைப் பிசின். அதன் மேல் தண்ணீர்.

ஹெர்மினியா அந்தக் கையைப் பிடித்து மூக்கோடு வைத்துக்கொண்டாள். நிதானமாக ஒரு மூச்சு இழுத்தாள். பிறகு கட்டை விரலால் பிசினைத் தடவிப் பார்த்தாள். மழை பெய்தால் மட்டும் கையில் பிசின் ஒட்டாது என்பதை அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"வெட்டிட்டியா."

"நீ போயிடுவேன்னு சொன்னியேம்மா."  சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினாள்.

"அடிப் பாவி," என்றாள் ஹெர்மினியா. குரலில் கோபம் இல்லை. "அந்த வாசம் வரணும்னுதானடி இவ்வளவு நாளா மூச்சைப் பிடிச்சிட்டுக் கெடக்கேன்."

ஹெர்மினியா கூலர் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"வேரை விட்டியா?"

"விட்டுட்டேன்."

"அப்ப துளுத்துரும். நீ பாட்டுக்குத் தண்ணிய ஊத்திக் கொன்னுடாத."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது.

டெல்ஃபினா பின்சந்துக்கு ஓடினாள். கிளைகளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து கூலருக்கு எதிரே குவித்தாள். வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார். அவராகவே வந்து மிச்சத்தைத் தூக்கி வந்தார்.

மேகம் இன்னும் மலை மேல்தான் நின்றது.

அவள் உள்ளே வந்து ஜன்னலை முழுசாகத் திறந்தாள். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் மூக்குக்குப் பக்கத்தில் தலையணையில் கையை வைத்துக்கொண்டாள். கையை மட்டும் அவள் கழுவவில்லை.