பதினெட்டுக்கு மேல்

"பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்கு இந்தச் சண்டை கேம் விக்கக்கூடாதெண்டு சட்டமே வந்திட்டுது. உனக்குப் பதினைஞ்சு!"

வெரிபீ புறநகரில் இருந்த அந்த வீடு முழுக்க கேமின் வெடிச்சத்தம். யசோதரன் சத்தம் போட்டபடியே மகளின் அறைக்குள் வந்து, பிடுங்குவதற்காகப் பிளக்கில் கை வைத்தார்.

"அப்பா ப்ளீஸ், டூ மினிட்ஸ்!" என்றாள் நிவேதிகா.

"எத்தினை பேரைச் சுட்டனி?"

"ஒருத்தரையும் இல்லை. என்ர ஸ்கோர் பூச்சியம். ஃபிரண்ட்ஸ் எல்லாம் சிரிக்கினம்."

அவர் திரையைப் பார்த்தார். மகளின் சிப்பாய் துப்பாக்கி இல்லாமல் வெறுங்கையோடு ஓடிக்கொண்டிருந்தான்.

"துவக்கு எங்க?"

"எறிஞ்சிட்டன். காயப்பட்ட ஆக்களைத் தூக்க ரெண்டு கையும் வேணுமெல்லே?"

யசோதரன் திரைக்குக் கிட்டக் குனிந்தார்.

"அம்மா சொன்னவ. வன்னிச் சண்டையில நீங்களும் துவக்குத் தூக்கேல்லையாம். காயப்பட்ட ஆக்களைத்தான் தூக்கினீங்களாம்."

அவர் மகளிடம் ஒருநாளும் வாய் திறந்து சொல்லாத கதை அது. அவளை முதன்முறை பார்ப்பவர் போலப் பார்த்தார். பிளக்கிலிருந்த கை தானாக விலகியது. கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"இடப்பக்கம் ஒருத்தன் அசையிறான், பார். முதல் அவனைத் தூக்கு."