தேதி போடாத கூப்பன்

“இந்தப் பரிசுக் கூப்பன் செல்லுமா, செல்லாதா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

கடையின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருந்தவன் நிமிர்ந்தான். எதிரே நின்றவளைப் பார்த்ததும் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மேசைமேல் ஓர் அட்டையை வைத்து, அதை உள்ளங்கையால் மூடியிருந்தாள்.

“எப்போ கிடைச்சது மேடம்?”

“இருபது வருஷம் இருக்கும்.”

“ரெண்டு வருஷத்துல காலாவதி ஆயிடுமே.” சொன்ன உடனேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கடையின் விதிமுறைக் கையேட்டைப் புரட்டினான். “மன்னிக்கணும், தப்பாச் சொல்லிட்டேன். தேதி போட்டிருந்தாத்தான் அந்தக் கணக்கு. போட்டிருக்கா?”

“போடல.”

“அப்போ காலாவதியே கிடையாது. கொடுத்தவங்க மதிச்சே ஆகணும்.”

“அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

“விதி அதுதான் மேடம். இத்தனை நாளா ஏன் பயன்படுத்தல?”

“சின்னச் சின்னதுக்கெல்லாம் செலவு பண்ண மனசு வரல. பெருசா ஒண்ணு வரும்னு வச்சிருந்தேன்.” அவள் குரல் தணிந்தது. “அப்பாவுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். இந்தக் கூப்பன் இருந்தாத்தான் அது கிடைக்கும்.”

“நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் இஸ்திரிப் பெட்டிக்கு வாரண்டியே முடிஞ்சிடும்மா,” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

அவள் கையை எடுத்தாள்.

செருப்புப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. ஓரமெல்லாம் கிரேயான் நட்சத்திரங்கள். நடுவில் கோணல்மாணலான எழுத்து: ‘அக்காவுக்குப் பிறந்தநாள் பரிசு. ஒரே ஒரு தடவை, நீ என்ன சொன்னாலும் கேட்பேன். சண்டை போட மாட்டேன்.’

கடைசி நட்சத்திரத்துக்கு வரும்போது மஞ்சள் தீர்ந்துபோய், அதை மட்டும் நீலத்தில் வரைந்தது அவனுக்கு நினைவு வந்தது. ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்ததும்.

“என்ன சார், செல்லுமா?” என்றாள். “அப்பா மேல இருக்கிற மூணு வருஷக் கோபத்தை ஒரு நாள் ஓரமா வைக்கணும். அவ்வளவுதான்டா.”

அவன் மறுநாள் வேலைகளைக் குறிக்கும் ஏட்டைத் திறந்தான். அதிலிருந்த எல்லாவற்றையும் அடித்துவிட்டு எழுதினான்:

‘நாளை விடுப்பு. காலையில் அக்காவோடு போய் அப்பாவை வீட்டுக்கு அழைத்துவர வேண்டும்.’