பாகற்காய்ச் சாறு

கடைசியில் அவர் விரலை நீட்டிவிட்டார்.

அவளுக்கு நம்பவே முடியவில்லை.

ஊருக்கெல்லாம் விரல் குத்திச் சர்க்கரை பார்க்கிறவள் அவள். அந்தத் தெருவின் சுகாதாரத் தன்னார்வலர். வாசல் வாசலாக நின்று, ஒரே ஒரு தடவை முகாமுக்கு வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுவதுதான் வேலை. பெண்கள் எப்படியோ வந்துவிடுவார்கள். ஆண்களுக்கு மட்டும் அந்த நேரம் பார்த்துத் தறிச் சத்தத்தில் காது கேட்காது.

அந்தச் செவிடர்களில் முதல் ஆள் அவள் வீட்டுக்காரர்.

ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து பின்பக்கம் போவார். சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். கால் கட்டைவிரலில் பட்ட காயம் சித்திரையிலிருந்து ஆறவில்லை. ஒரு தடவை சோதித்துப் பாருங்கள் என்று சொன்னால், எனக்கென்ன கேடு என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் சில நாளாகத் திருந்தியிருந்தார்.

சோறு வேண்டாம் என்றார். டீக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாகற்காய்ச் சாறு அரைத்துத் தரச் சொல்லி, முகம் சுளிக்காமல் குடித்தார். அவள் பூரித்துப்போய் அரைத்து அரைத்துக் கொடுத்தாள். மாரியம்மனுக்குக்கூட நேர்ந்துகொண்டாள்.

இப்போது முகாமுக்கு வெறும் வயிற்றோடு வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். வேடிக்கை பார்க்கத் தெருவே நிற்கிறது.

ஊசியைக் குத்தினாள்.

ஒரு பொட்டு ரத்தம்.

மெஷின் கொஞ்சம் யோசித்தது. எண் வந்தது.

நர்சம்மா எட்டிப் பார்த்தார். "நார்மல்! எல்லாரும் பாத்துக்குங்க. இந்தண்ணனாட்டம் தைரியமா வரோணும்."

யாரோ கைதட்டினார்கள்.

அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனிதர் திருந்தவில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

படிக்க உதவியவள் அவளேதான்.

சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொன்னால் தெரு சிரிக்கும். தெரு சிரித்துவிட்டால் இந்த ஜென்மத்தில் மறுபடி விரலை நீட்ட மாட்டார். விழுங்கிக்கொண்டு, அடுத்து வந்த பெண்ணின் விரலைத் துடைத்தாள்.

மத்தியானம் வீடு திரும்பியபோது ஜாங்கிரிப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. கால்நீட்டி உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார். கட்டைவிரல் புண்ணில் ஈ மொய்த்தது. அது அவருக்குத் தெரியவே இல்லை.

அவள் பையிலிருந்து மெஷினை எடுத்தாள்.

அவர் சட்டென்று இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார்.

"பாஸானவனை மறுக்காவும் பரீட்சை எழுதச் சொல்றியா?"

அவளுக்கு அழுகை வந்தது. நன்றாகவே அழுதாள். அவருக்குப் பாவமாகிவிட்டது போல. பொட்டலத்தை முழங்கையால் அவள் பக்கம் நகர்த்தினார். கைகளை வெளியே எடுக்கவில்லை.

சாயங்காலம் வாசலில் ஆள் அரவம் கேட்டது.

எதிர்வீட்டு அர்த்தநாரி. அவருக்குப் பின்னால் தெருவின் ஆண்கள் அத்தனை பேரும். எந்தெந்த வாசலில் நின்று அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சினாளோ, அந்தந்த வீட்டுக்காரர்கள். யாரும் கூப்பிடாமல் தாங்களாகவே வந்திருந்தார்கள்.

அர்த்தநாரியின் கையில் ஒரு பை நிறையப் பாகற்காய்.

"அடுத்த முகாமுக்கு நாங்களும் வாரோம் அம்மிணி. செங்கோடனுக்கு அரைச்சுக் குடுத்தியாமா. எங்களுக்கும் அப்பிடியே அரைச்சுக் குடுத்துரு."

அவள் எடுத்துச் சொன்னாள். எப்போதும் போலத் தின்றுகொண்டு, எப்போதும் போல இருந்துகொண்டு வந்தால்தான் உடம்பில் உள்ளது தெரியும் என்றாள். நோய் இருந்தால் மாத்திரை இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றாள். கையெடுத்துக் கும்பிடவும் செய்தாள்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோய் என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதானே இத்தனை நாள் வரவில்லை.

அர்த்தநாரி பையை மறுகைக்கு மாற்றினார். செருப்பைத் தேடினார். மற்றவர்களும் திரும்பினார்கள்.

உள்ளிருந்து அவள் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"அவங்கெல்லாம் வரோணும்னுதான வருசம் பூரா அலைஞ்ச?"

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அர்த்தநாரி கேட்டைத் தாண்டிவிட்டார். இனி ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வெறுங்காலோடு ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள்.

"எத்தன பேருங்கண்ணா?"